எண்ணெய் அடுப்பும் பஞ்சு வைத்த காதும்

போஸ், கியூபெக்
14.09.2014

அன்புள்ள தங்கச்சி பிரசாந்தினிக்கு,

நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மச்சான் விக்னராஜாவும் மருமகள் நிசாந்தியும் பலேர்மோ வெயிலில் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரெலிபோன் எடுத்திருக்கலாமே என்று நீ முணுமுணுப்பது இங்கே தெரிகிறது. இந்த மலையில் சிக்னல் வேண்டுமென்றால் மரத்தில் ஏற வேண்டும். அதோடு, கடிதம் என்றால் எனக்கு ஒரு சொல்லும் தப்பாது.

விஷயம் இதுதான். நான் வேலை செய்யும் மேப்பிள் தோட்டத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பங்குனியில் பனி இளகும்போது மரத்தில் சின்னத் துளை போட்டால் தண்ணீர் மாதிரி ஒன்று வடியும். அதை நாற்பது குடம் வற்றக் காய்ச்சினால் ஒரு குடம் பாணி வரும். இதுவரைக்கும் விறகு அடுப்புத்தான். அதன் தாச்சி ஒழுகத் தொடங்கிவிட்டது. தாச்சி என்று நான்தான் சொல்கிறேன், உண்மையில் அது ஒரு கட்டிலளவு நீளமான சில்வர் தொட்டி. என் முதலாளி மிசியே அர்மோனுக்கும் நாரி போய்விட்டது, இனிக் குனிந்து விறகு அடுக்க ஏலாது. எண்ணெயில் எரிகிற புது மெசின் வாங்கப் போகிறார்.

போன கிழமை இரண்டு கம்பனிப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "நீதான் அதுக்கு முன்னாலை நிக்கப் போறாய். நீயே பார்த்துச் சொல்லு" என்றார். நான் பெரிய மண்டைக்காய் மாதிரித் தலையாட்டிவிட்டேன். இரண்டும் பிரெஞ்சு. என் பிரெஞ்சு கடையில் முட்டை வாங்கத்தான் காணும்.

இங்கே பாணி காய்ச்சுகிறவனுக்குத் தனி மரியாதை. வரும் பங்குனியில் நான் ஒழுங்காகக் காய்ச்சிக் காட்டினால் அந்த வேலையை நிரந்தரமாகத் தந்து, தோட்டத்துச் சின்ன வீட்டையும் தருவதாகச் சொல்கிறார். காய்ச்சுவது பிழைத்தால் பழையபடி மொன்றியாலுக்குப் போய் யாருடைய ஹோலிலாவது படுக்க வேண்டியதுதான். நல்ல மனிசன். சில வேளைகளில் மட்டும் ஒரு காரணமும் இல்லாமல் முறைத்துக்கொண்டு போவார். குளிர் தேசத்துக் குணம் போல.

உன் மேல்மாடி மொரீசியஸ் பிள்ளை ஓட்ரிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்று எழுதியிருந்தாய். நீயும் பேக்கரியில் எண்ணெயில் எரிகிற போறணைக்கு முன்னால் நிற்கிறவள். இரண்டு புத்தகத்தையும் படமெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எதை எடுக்கட்டும்?

உன் மறுமொழிக்குக் காத்திருக்கும்
அண்ணன் தவராசா


பலேர்மோ
06.10.2014

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் மூவரும் நலம். பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் மலிந்து கிடப்பதால் மூன்று நேரமும் கத்தரிக்காய். அதைத் தவிர வேறு வருத்தம் ஒன்றும் இல்லை. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறீர்களா, அதையும் அந்த மெசினுக்குத்தான் வைத்திருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஓட்ரியைப் பிடித்து இருத்தினேன். அவளுடைய பூட்டனார் தமிழராம். வீட்டில் முருகன் படம் இருக்கிறது, வாயில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. அவள் பிரெஞ்சில் வாசித்து இத்தாலியனில் சொல்ல, நான் தமிழில் எழுத, நிசாந்தி இடையில் விழுந்து இரண்டு பேரையும் திருத்த, அரிசிப் பானை அடிப்பிடித்துவிட்டது. "உன்ரை அண்ணா என்ன, கப்பலே வாங்கிறார்?" என்று ஓட்ரி கேட்டாள்.

முதல் மெசின் நீளமானது. அதன் பேர்ணர், அதுதான் எண்ணெய் நெருப்பை ஊதுகிற பெட்டி, பின்பக்கம் இருக்கிறது. நெருப்பு முழு நீளமும் ஓடுவதால் எண்ணெய் குறைவாகப் போகுமாம். இரண்டாவது கட்டை. பேர்ணர் முன்பக்கம், பாணி இறக்குகிற இடத்துக்கு நேர் கீழே. சுவாலையைப் பார்க்க ஒரு வட்டக் கண்ணாடியும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. எண்ணெய் எப்பன் கூடக் குடிக்குமாம். இரண்டிலும் நீர்மட்டம் காட்டக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது.

அந்தச் சிவப்புப் பொத்தானை எனக்கு நன்றாகத் தெரியும். பிரான்காச்சோவில் எங்கள் பேக்கரிப் போறணையிலும் அதே சாமான்தான். காலமை போய் அதை மூட்டுகிறவள் நான். நெருப்பு அணைந்தால் மெசின் தானே நின்று அந்தப் பொத்தான் சிவப்பாக எரியும். ஒரு தரம் அமத்தலாம். திரும்பவும் பற்றாவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். விடாமல் அமத்தினால் எரியாத எண்ணெய் உள்ளே சேர்ந்து, பிறகு எல்லாம் ஒன்றாகப் பிடிக்கும். முதலாளி சிஞ்ஞோர் தூரியின் மைத்துனர் ஒருநாள் அவசரத்தில் அமத்தோ அமத்தென்று அமத்தினார். போறணைக் கதவு பறந்து மாப் பீப்பாவில் விழுந்தது. அவருக்குப் புருவம் இன்னும் வடிவாக முளைக்கவில்லை.

இவ்வளவும் பகிடியாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஓட்ரி ஒரு வரி வாசித்தாள். இரண்டு புத்தகத்திலும் அதே வரி. "பேர்ணர் எரியும் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள்."

அண்ணை, சண்டையில் விழுந்த ஷெல் உங்கள் இடது காதின் கேட்கும் சக்தியை முழுதாக எடுத்தது. வலது காதில் மிச்சம் கால்வாசி. இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மிசியேக்கு இதைச் சொல்லிவிட்டீர்களா?

இந்தக் கேள்விக்கு மறுமொழி எழுதாமல் மற்றதுகளுக்கு எழுத வேண்டாம்.

தங்கச்சி
பிரசாந்தினி


போஸ்
02.11.2014

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நல்லெண்ணெய் பூசுகிறேன். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டேன். பொறியியல் படித்தவன்கூட இவ்வளவு விளக்கமாக எழுதமாட்டான். நீ சின்னதில் சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரியாமல் அழுதவள் என்பதை நம்ப முடியவில்லை. ஓட்ரிக்கு என் நன்றியைச் சொல். அடிப்பிடித்த சோற்றுக்கு மச்சானிடம் மன்னிப்புக் கேள்.

இங்கே இலையெல்லாம் கொட்டி முடிந்தது. நாள் முழுதும் மரத்துக்கு மரம் நீலக் குழாய் இழுத்துக் கட்டுகிறேன். அணில்கள் கடித்த இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டுவதற்குள் விரல் விறைத்துவிடுகிறது. மிசியேக்கு முதல் மெசினில்தான் மனம். எண்ணெய் குறைவாகப் போகும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மார்கழிக்குள் கம்பனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

நிசாந்திக்கு இந்த வருடம் என்ன வகுப்பு? அங்கே மழை தொடங்கிவிட்டதா? உன்னுடைய தலையிடி எப்படி? மச்சான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற அந்த முதிய ஐயா இன்னும் சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்கிறாரா?

அண்ணன்
தவராசா


பலேர்மோ
24.11.2014

அன்புள்ள அண்ணைக்கு,

மழை தொடங்கிவிட்டது. நிசாந்தி எட்டாம் வகுப்பு. என் தலையிடி நீங்கள்தான். மற்ற எல்லாவற்றுக்கும் சுகம்.

நான் ஒன்று கேட்க நீங்கள் அணிலைப் பற்றி எழுதுகிறீர்கள்! கடிதத்தை வாசித்த ஆத்திரத்தில் கையிலிருந்த மாவை மேசையில் அறைந்தேன். அன்றைக்குப் பாண் நன்றாகப் பொங்கி வந்தது என்பது வேறு கதை.

சரி, அண்ணை வாய் திறக்கமாட்டார், நாங்கள்தான் ஒரு வழி பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். மருந்துக்கடையில் பஞ்சு வாங்கி, தேங்காயெண்ணெயில் நனைத்து, இரண்டு காதிலும் இறுக்கி அடைத்து, அதுக்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். ஒரு கிழமை முழுக்க அப்படியே வேலை செய்தேன்.

சிஞ்ஞோர் தூரி எனக்கு விசர் என்று நினைத்துவிட்டார். நல்ல காலம், இந்த ஊர்ச் சனம் பாதிக் கதையைக் கையாலேயே கதைக்கும். அவர் விரல்களைக் குவித்து ஆட்டினால் "என்னடி இது?" புறங்கையால் நாடியைத் தட்டினால் "எனக்கென்ன, ஏதாவது செய்." இரண்டாவது வந்ததும் நான் வேலையைப் பார்த்தேன். பஸ்ஸில்தான் கரைச்சல். இறங்குகிற இடத்தைத் தவறவிட்டு மழையில் நடந்தேன். ஒருத்தி என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், நான் திரும்பவில்லை. முன்னால் ஓடிவந்து, பஸ்ஸில் நான் விட்ட குடையை என் கையில் திணித்துவிட்டு முகத்தைச் சுழித்துக்கொண்டு போனாள். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருடமாக நீங்கள் இப்படித்தான் நடந்து திரிகிறீர்கள். ஒருநாளும் எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லையே அண்ணை.

இனிக் கேளுங்கள். நெருப்பு எரிவது காலுக்குத் தெரிகிறது. செருப்பைக் கழற்றினால் தரை அதிர்வது உள்ளங்காலில் ஏறும். போறணையின் பக்கத் தகரத்தில் புறங்கையை வைத்தாலும் தெரியும். கண்ணாடியில் சுவாலை வெளிர் மஞ்சளாக நின்றால் சுகம். செம்மஞ்சளாகிப் புகைந்தால் காற்றுக் காணாது. ஒருநாள் தாங்கியில் எண்ணெய் முடிந்தது. அதற்கு முதல் பம்ப் கீச்சிடும், அது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நெருப்பு அணைந்த அந்தக் கணமே சிவப்புப் பொத்தான் என் கண்ணுக்கு நேரே எரிந்தது, நான் கையோடு சுவிச்சை அணைத்துவிட்டேன்.

அடுத்த நாள் வேண்டுமென்றே பேர்ணர் தெரியாத பக்கத்தில், மாப் பிசைகிற மேசையில் நின்றேன். நெருப்பு நின்றதே எனக்குத் தெரியாது. வெளியே எடுத்தால் பாணெல்லாம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளிறிக் கிடக்கிறது. தூரி என்ன பேசினார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பஞ்சு செய்த ஒரே புண்ணியம் அதுதான்.

ஆகவே பின்பக்கம் பேர்ணர் உள்ள மெசின் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய் கூடக் குடித்தாலும் குடிக்கட்டும், இரண்டாவதை எடுங்கள். எண்ணெய்த் தாங்கியின் மட்டம் காட்டும் குழாயும் நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சொல்லிப் பூட்டுவியுங்கள். அதோடு அந்த மனிசனுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

கோபம் ஆறாத, ஆனாலும் உங்கள்
பிரசாந்தினி

பி.கு.: பஞ்சை எடுத்த பிறகும் இரண்டு நாள் காதுக்குள் தேங்காயெண்ணெய் மணந்தது.


போஸ்
12.12.2014

அன்புள்ள தங்கச்சி,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் குழாய் ஒட்டுகிற கொட்டிலில் நின்று வாசித்தேன். வாசித்து முடிய உட்கார்ந்துவிட்டேன். வைத்தியர்கள் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்திருக்கிறார்கள், காகிதத்தில் வளைகோடு கீறிக் காட்டியிருக்கிறார்கள். எனக்காக ஒருத்தரும் ஒரு கிழமை செவிடாக நடந்து பார்த்ததில்லை. இதற்கு நான் என்ன எழுதுவேன்? உன்னைப் போல ஒரு சகோதரம் கிடைத்ததை நினைத்து நெஞ்சு நிறைந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான் எழுத வருகிறது.

மெசின் சொல்லியாகிவிட்டது. இரண்டாவதுதான். மிசியே நெற்றியைச் சுருக்கி, "எண்ணெய் கூடப் போறதை ஏன் தெரிஞ்செடுத்தாய்?" என்று கேட்டார். துடைத்துக் கழுவச் சுகம் என்றேன். பிறகு "காய்ச்சிறவன் நீ" என்று சொல்லிவிட்டுப் போனார். தாங்கிக் குழாயும் நீ சொன்ன மாதிரியே வரும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். மொன்றியாலில் நான் வேலை செய்த சாமான் கிடங்கில், பின்னால் வந்த வண்டியின் ஹோண் எனக்குக் கேட்கவில்லை. ஒருவருக்கும் காயமில்லை. அடுத்த நாள் மரியாதையாகக் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கைகொடுப்பு இன்னொரு தரம் வேண்டாம். இந்த ஒரு பங்குனி காய்ச்சிக் காட்டிவிட்டு, பிறகு சொல்கிறேன்.

குளிருக்கு நிசாந்தியின் கழுத்தைச் சுற்றி விடு.

அண்ணன்


பலேர்மோ
16.01.2015

அன்புள்ள அண்ணைக்கு,

தைப்பொங்கல் வாழ்த்து. எங்களுக்கு மூக்கொழுகும் தடிமன், மற்றப்படி கலகலப்பு.

நேற்றுப் பல்கனியில் பொங்கினோம். பால் கிழக்குப் பக்கமாக வடிவாய்ப் பொங்கி வழிந்து, கீழ்மாடிச் சிஞ்ஞோராவின் வெள்ளை விரிப்பில் நேராக இறங்கியது. அவ மேலே ஏறி வந்து கத்தத் தொடங்க, நான் ஒரு கோப்பை பொங்கலை நீட்டினேன். வாயில் வைத்தா, பேச்சு நின்றது, கோப்பையோடு போய்விட்டா. கோப்பை இன்னும் வரவில்லை.

அண்ணை, உங்கள் கடிதத்தை நினைத்து நான் அழாத நாளில்லை. ஆனால் "பிறகு சொல்கிறேன்" என்பது பேய்க்கதை. அந்த மனிசன் உங்களை நம்பிக் கொதிக்கிற தாச்சிக்கு முன்னால் நிறுத்துகிறார். உங்களுக்கு ஏதும் நடந்தால் பின்னாலிருந்து அவர் கத்துவார், நீங்கள் திரும்பமாட்டீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஓட்ரியைக் கொண்டு பிரெஞ்சில் நானே மிசியேக்கு எழுதுவேன். சத்தியமாய் எழுதுவேன்.

இன்னொன்று. புது அடுப்பு, புது இடம். முதல் கொதியைச் சும்மா தொடங்காதீர்கள். கிழக்குப் பக்கமாக எப்பன் பொங்கி வழிய விட்டுவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் நல்லபடி நடக்கும்.

தங்கச்சி
பிரசாந்தினி


பலேர்மோ
12.03.2015

அண்ணை,

மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது, ஒரு வரியும் இல்லை. தபால்காரனை வாசலில் மறித்து மறித்து, அவன் இப்போது மற்ற ஒழுங்கையால் போகிறான்.

மிசியேக்கு நான் எழுதுவேன் என்று வெருட்டியதுக்குக் கோபமோ? நான் எழுதவில்லை. ஓட்ரி இரண்டு தரம் பேனையை எடுத்தாள், நான்தான் தடுத்தேன். உங்கள் காது, உங்கள் வாய். நீங்கள் சொன்னால்தான் அது சரி. வேலை போனாலும் பரவாயில்லை, ஆள் சுகமாய் இருக்கிறேன் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பி.


போஸ்
22.03.2015

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடம்புக்குச் சுகம். அதை முதலில் எழுதிவிட்டேன், நீ மூச்சு விடு.

உன் பொங்கல் கடிதத்துக்கு மறுமொழி எழுதப் பல தரம் இருந்தேன். ஒவ்வொரு தரமும் "சொல்லிவிட்டேன்" என்று எழுத வேண்டிய இடத்தில் பேனை நின்றது. சொல்லாமல் என்னத்தை எழுதுவது? அப்படியே மாசி போய்விட்டது.

நேற்று முதல் கொதி. மிசியேயின் மகளும் அயலவர்களும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். பேர்ணர் ஒரே தட்டில் பற்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், தரை காலுக்குச் சொன்னது. கண்ணாடியில் வெளிர் மஞ்சள். நீ எழுதியது ஒன்றும் பிசகவில்லை. ஆவி கூரையால் போக, உள்ளே முழுக்க இனிப்பு மணம். பிரசாந்தினி, அந்த நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு நான் கண்டதில்லை.

நுரை எழும்பத் தொடங்கியது. இங்கே நுரை எழும்பினால் ஒரு துண்டு வெண்ணெய் போட்டு உடனே அடக்குவார்கள். தாச்சி வழிந்தால் அவர்களுக்கு அது பெரிய அவமானம். எனக்கு உன் சொல்தான் ஞாபகம். வெண்ணெயைத் தொடாமல் நின்றேன். நுரை விளிம்பைத் தாண்டிக் கிழக்கே வழிந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிப் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன்.

நீயும் நானும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. மெசினின் முன்பக்கம்தான் கிழக்கு. முன்பக்கம்தான் பேர்ணர். நுரை அவ்வளவும் நேரே அதன் தலையில்.

சிவப்புப் பொத்தான் எரிந்தது. நான் அதை அமத்தவில்லை. சுவிச்சை அணைத்து, எண்ணெய்க் குழாயைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால் யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். மிசியே. முகம் சிவந்திருக்கிறது, ஒரு கையில் வெண்ணெய் உருகி ஒழுகுகிறது. அவர் வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருக்கிறார். "ஏன் நீ திரும்பேல்லை? ஏன் ஒருநாளும் திரும்பிறேல்லை?" என்று கேட்டார். வாயசைவில் அது எனக்கு வடிவாக விளங்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். ஷெல் விழுந்த கதையை என் முட்டை வாங்கும் பிரெஞ்சில் சொன்னேன். ஏன் இந்த மெசினைத் தெரிந்தெடுத்தேன் என்று பொத்தானையும் கண்ணாடியையும் காட்டிச் சொன்னேன். பலேர்மோவில் என் தங்கச்சி காதில் பஞ்சு வைத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்தெடுத்தவள் என்றும் சொன்னேன்.

மிசியே கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்று ஞாயிறு. இன்னும் வரவில்லை. பேர்ணரைக் கழற்றித் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். தாச்சி கருகவில்லை. நெருப்புத் தானே நின்றதால் தப்பியது. பெட்டியையும் கட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணன்
தவராசா


பலேர்மோ
03.04.2015

என் அருமை அண்ணைக்கு,

ஐயோ, என்ன கோதாரி வேலை பார்த்துவிட்டேன்! கனடாவில் கிழக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பலேர்மோவிலிருந்து பொங்கச் சொன்ன இந்த வாயை என்ன செய்யலாம்? ஒரு கிழமை காதுக்குப் பஞ்சு வைத்தவள் வாய்க்கும் வைத்திருக்க வேண்டும். சுகம் விசாரிக்கவும் மனமில்லை, ஆனாலும் கேட்கிறேன். சாப்பிட்டீர்களா? எங்கே இருக்கிறீர்கள்? இந்தக் கடிதம் மலைக்குத்தான் வருகிறதா, நீங்கள் மொன்றியாலில் நிற்கிறீர்களா?

உங்கள் கடிதத்தைப் பேக்கரியில் வைத்து வாசித்தேன். தூரி ஏன் அழுகிறாய் என்று கையால் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாக் கையைத் துடைத்தார். "பொத்தானை அமத்தேல்லைத்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அவன் வேலை தெரிஞ்சவன். அனுப்பினால் இஞ்சை வரச் சொல்லு" என்றார்.

மிசியே அனுப்பினால் அனுப்பட்டும் அண்ணை. நெருப்பு அணைந்த நேரத்தில் நீங்கள் பதறவில்லை. கேட்ட கேள்விக்கு மறைக்காமல் மறுமொழி சொன்னீர்கள். நான் ஊரெல்லாம் என் அண்ணை, என் அண்ணை என்று புழுகித் திரிவது வீணில்லை. இங்கே ஒரு கட்டில் எப்போதும் இருக்கிறது. கத்தரிக்காய் பிடிக்கும் என்றால் உடனே வாருங்கள்.

உங்கள் தங்கச்சி
பிரசாந்தினி


போஸ்
19.04.2015

அன்புள்ள தங்கச்சி பிரசாந்தினிக்கு,

உன் கடிதம் நேற்று மலைக்குத்தான் வந்தது. நானும் மலையில்தான் இருக்கிறேன். முதலில் மன்னிப்பு. மரம் வடிகிற நாட்களில் பேனை பிடிக்க விடமாட்டார்கள். மெசின் அணைந்தால் நான் விழுந்து படுத்துவிடுவேன். நேற்று முன்தினம்தான் கடைசிக் கொதி.

அந்தத் திங்கள் காலமை மிசியே வந்தார். இரண்டு காதிலும், மரம் அறுக்கிறபோது போடுவார்களே, அந்தப் பெரிய காதுக் கவசம். உள்ளே பஞ்சும் வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. பேர்ணரைக் காட்டி மூட்டு என்று கையசைத்தார். செருப்பைக் கழற்றினார். எழுபது தாண்டிய மனிசன், அந்தக் குளிரில் வெறுங்காலோடு எனக்குப் பக்கத்தில் நின்றார்.

அன்று முழுக்க இரண்டு செவிடர்கள் பாணி காய்ச்சினோம். அவர் தரையைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், புறங்கையால் தகரத்தைத் தொடுவார், என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நுரை எழும்பிய நேரமெல்லாம் நான் வெண்ணெய் போட்டேன். மத்தியானம் அவருடைய மனைவி சூப் கொண்டு வந்து பின்னால் நின்று எவ்வளவு கூப்பிட்டாவோ தெரியாது, கடைசியில் கரண்டியால் அவருடைய முதுகில் தட்டினா.

பின்னேரம் நெருப்பை அணைத்த பிறகு கவசத்தைக் கழற்றிவிட்டு மர வாங்கில் உட்கார்ந்தார். என் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ரெண்டு வருசமாய் நான் பின்னாலை இருந்து கூப்பிட நீ திரும்பேல்லை. நீ தலைக்கனம் பிடிச்சவன், என்னை மதிக்கிறேல்லை எண்டு நினைச்சனான். வேலை நல்லாச் செய்யிறபடியால் பொறுத்தனான். ஒவ்வொரு நாளும் மனிசியிட்டைப் போய் உன்னைத் திட்டினனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு வாய் எங்கை போனது?" என்று கேட்டார்.

பார் தங்கச்சி. அவர் முறைத்துக்கொண்டு போன நாளெல்லாம் என்னை எங்கோ பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறார். வேலை போய்விடும் என்று நான் பொத்தி வைத்ததுதான் கிட்டத்தட்ட வேலையைக் கொண்டுபோகப் பார்த்தது. மழையில் உனக்குக் குடை கொடுத்தவள் முகத்தைச் சுழித்ததை நீ அப்போதே எழுதியிருந்தாய். நான்தான் அதை விளங்கிக்கொள்ளவில்லை.

தோட்டத்துச் சின்ன வீட்டின் கதவுத் திறப்பு இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. பெட்டியை அவிழ்த்தாகிவிட்டது. காய்ச்சுகிறவன் நான்தான், இந்த வருடம் மட்டுமில்லை. பொங்கலைப் பற்றியும் மிசியே கேட்டார், சொன்னேன். அடுத்த வருடம் வாசலுக்கு வெளியே ஒரு சின்னப் பானையில் பொங்கட்டும், தானும் வந்து கத்துவாராம். தாச்சிக்கு மட்டும் வெண்ணெய்.

ஒரு தகரம் பாணி தனியாக அனுப்பியிருக்கிறேன். ஓட்ரிக்கும் சிஞ்ஞோர் தூரிக்கும் கொடு. கீழ்மாடிச் சிஞ்ஞோராவுக்குக் கொடுத்தால் உன் கோப்பை திரும்பி வரலாம். மச்சானுக்கும் நிசாந்திக்கும் என் அன்பு.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. எனக்குப் பின்னால் வாசலால் வருகிறவர்களை நான் காண, மெசினுக்கு மேலே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி மாட்டப் போகிறோம். வலப்பக்கமா, இடப்பக்கமா, எவ்வளவு உயரத்தில் என்று பேச்சு வந்தது. நான் வலப்பக்கம் என்றேன். மிசியே கையை ஆட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"உன்னை ஆர் கேட்டது? பலேர்மோவுக்கு எழுது" என்றார்.

ஆகவே, தங்கச்சி, பஞ்சை எடுத்து எண்ணெயில் போடு.

அண்ணன்
தவராசா